புதுப்பிப்பு: கோத்தகிரி ஜன்னலில் கிடைத்த குளவி

போன மாதம் எங்கள் வீட்டு ஜன்னலில் செத்துக் கிடந்த குளவியின் படத்தைப் போட்டு, இது புது இனமா என்று கேட்டிருந்தேன். வீடு லாங்வுட் சோலைக்குப் பக்கம். 116 ஹெக்டேர்தான் அந்தச் சோலை, ஆனால் உள்ளே எத்தனை உயிர்!

பூச்சியியல் படிக்கும் அக்கா ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்தார். முதலில் காட்டியது முன்சிறகை. பிராக்கோனிடே என்ற ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பத்தில் பெரும்பாலும் இல்லாத ஒரு குறுக்கு நரம்பு இதில் தெளிவாகத் தெரிகிறது; ஆக, இது அதற்கு நெருங்கிய இன்னொரு குடும்பமான இக்னியூமோனிடே. போன பதிவில் நான் கொடுக்கு என்று எழுதியது முட்டையிடும் குழல். வெறும் கண்ணுக்கு ஒற்றை மயிரிழை. லென்ஸில் மூன்றாகப் பிரிந்து நின்றது. நடுவில் துளைக்கும் ஊசி, இருபுறமும் உறை. வேறு பூச்சிகளின் புழுவுக்குள்ளோ மேலோ இதால்தான் முட்டை வைக்கும். பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை.

புது இனமா? இப்போதைக்குச் சொல்ல முடியாது. "அவசரப்படாதே தம்பி, பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றார். 1999-க்குப் பிறகு வெளியாகும் எந்தப் புது இனப் பெயருக்கும் மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான பூச்சியை, குறிப்பிட்டே ஆக வேண்டும். என் குளவியின் உணர்கொம்புகள் இரண்டும் ஒடிந்திருப்பதால் கணுக்களை எண்ண முடியவில்லை. தீப்பெட்டியில் போட்டு வைத்தது என் தப்பு.

இனி ஜன்னலில் கிடைப்பது நேரே ஆல்கஹால் குப்பிக்குள் போகும், தேதியும் இடமும் எழுதிய சீட்டோடு. சோலைக்குள் போய்ப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். தயவுசெய்து யாரும் அப்படி இறங்க வேண்டாம்.