மதுரையைச் சுற்றி: பக்கத்து மலைக்கு வழி கேட்ட கதைகள்

நாகமலைவாசி

பதினோரு வருஷமாக நாகமலை அடிவாரத்தில் குடியிருக்கிறேன். மாடியில் துணி காயப்போடப் போனால் மலை முகத்துக்கு நேரே நிற்கும். ஆனால் "மலைக்குப் போகலாம்" என்று வீட்டில் பேச்சு வந்தால் அது கொடைக்கானல்தான். 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கொண்டுவந்தார்களே, அந்த மாதம்தான் எங்களுக்கும் ஞானம் பிறந்தது. பாஸ் எடுத்துவிட்டோம், கார்தான் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறும்போது சூடாகி நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்து புளியோதரையைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். மறுநாள் ஞாயிறு. கடுப்பில் வெள்ளனவே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடி போனேன். வீட்டிலிருந்து கால் மணி நேரம்.

சமணர் மலையை மதுரைக்காரர்கள் பலருக்கும் தெரியும். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், பாறையில் வெட்டிய படிகள், மேலே பேச்சிப்பள்ளம். சுனை ஓரமாக ஒரே வரிசையில் எட்டுச் சிற்பங்கள். அது எளிதான வழி, பத்து வயதுப் பிள்ளையும் ஏறிவிடும். நான் தேடிப் போனது மலையின் தென்மேற்குப் பக்கம், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரரின் சிற்பம் இருக்கும் குகையை. போன் மேப் என்னை ஒரு சீமைக்கருவேலங் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு "வந்துவிட்டீர்கள்" என்றது. டீக்கடையில் வந்து "தீர்த்தங்கரர் குகை எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவரும் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

திரும்பலாம் என்று வண்டியைத் திருப்பும்போது ஏழெட்டு ஆடுகளோடு ஒரு அப்பத்தா. கையில் தூக்குவாளி. "யாரு எவருன்னு தெரியலையே, செட்டியாரப் பாக்க வந்தீகளாப்பு?" என்றார். எந்தச் செட்டியார்? "அதான், குண்டலம் போட்டுக் காது நீண்டு உக்காந்திருப்பாரே. செட்டிப்புடவு." அப்போதுதான் உறைத்தது. தோளைத் தொடும் காதோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர் ஊர்க்காரர்களுக்குக் கடுக்கன் போட்ட செட்டியார் ஆகிவிட்டார். குகையை அங்கே புடவு என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் டீக்கடைக்காரரே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பார்.

அப்பத்தா காட்டிய வழியில் போனேன். வாசலுக்கு இடதுபுறம் ஆள் உயரத்துக்கு அவர் உட்கார்ந்திருக்கிறார். கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், ஒரு கல்வெட்டு. உள்ளே குனிந்து போனால் விதானத்தை ஒட்டிச் சின்னதாக ஐந்து சிற்பங்கள். அதில் ஒன்றில் சிங்கத்தின்மேல் உட்கார்ந்த ஒரு பெண், வில்லோடு, யானைமேல் வருபவனை எதிர்க்கிறாள். இயக்கி, அதாவது சமணக் காவல் தெய்வம் என்கிறார்கள். அவளைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புடவுக்குள் ஏசி போட்டதுபோல் ஒரு குளிர்ச்சி. வெளியே வந்தால் மணி எட்டரைதான், அதற்குள் பாறை சுட ஆரம்பித்துவிட்டது.

இப்படி வீட்டுப் பக்கத்திலேயே இருந்து, வழி தெரியாமல் விட்டுப்போன இடங்களுக்குப் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். சொல்லுங்கள். யாரிடம் எப்படிக் கேட்டு வழி தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம்.

மேலூர்க்காரன்

அரிட்டாபட்டியை இப்போது எல்லோருக்கும் தெரியும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்ததும் சுற்றுவட்டாரமே திரண்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்த கூட்டத்தில் நானும் ஒருவன். கால் கொப்பளித்த முதல் மலை நடை அதுதான், ஆனால் தார் ரோட்டில்! அந்த மாதமே ஏலம் ரத்தானது.

அதற்குப் பிறகு கார்கள் வருகின்றன. வருகிறவர்கள் குடைவரைச் சிவன் கோயிலைப் பார்க்கிறார்கள், ஆனைகொண்டான் கம்மாய்க் கரையில் போட்டோ எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நான் சொல்ல வந்தது மீனாட்சிபுரம் பக்கம். ஆராய்ச்சிக்காரர்கள் மாங்குளம் கல்வெட்டு என்பது இங்கேதான். 1882ல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்துச் சொன்னது. நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. பழசிலும் பழசு.

நான் போன அன்று கூட வந்தவர் அந்த ஊர்த் தாத்தா ஒருவர். கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். அந்நியர் யாராவது மலைக்குப் போனால் பின்னாலேயே வந்துவிடுவாராம். ஏன் என்று மேலே போனதும் புரிந்தது. சமணத் துறவிகளுக்காக வெட்டிய கல்படுக்கையில் யாரோ ஒரு ஜோடியின் பெயரைப் பெயின்டால் எழுதியிருக்கிறார்கள். தாத்தா அதைக் காட்டி, "அந்தக் காலத்துல பேரு எழுதுனவன் சாமியாருக்குப் படுக்கை வெட்டிக் குடுத்துட்டு எழுதுனான். இவன் என்னத்த வெட்டிக் குடுத்தான்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கல்வெட்டுகளில் வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் கொடை கொடுத்ததாக இருக்கிறது. இன்றைய வெள்ளரிப்பட்டிதான் அது என்று சொல்கிறவர்கள் உண்டு. என் சின்ன அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். இருபது வருஷமாகச் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்க் கறிச்சோறு தின்றுவிட்டு வந்திருக்கிறேன், ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை.

இறங்கும்போது தாத்தா சட்டென்று நின்று கையை நீட்டினார். செங்குத்துப் பாறை விளிம்பில் ஒரு பறவை. "ராசாளி. சத்தம் போடாதீக." லகர் வல்லூறா வேறு எதுவுமா என்று எனக்கு அடையாளம் தெரியாது. அது இறக்கையை மடக்கிக் கல் விழுவதுபோல் கீழே பாய்ந்ததைப் பார்த்தேன். தாத்தாவிடம் நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. "திரும்ப வரும்போது வெத்தல வாங்கிட்டு வாங்க" என்றார். போன மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா

ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். ஒரு பெண் தனியாக ஆடு மேய்க்கிறவரிடம் வழி கேட்டு மலைக்குள் போவது வேறு விஷயம். நான் அக்கா குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஆறு பேராகத்தான் போவேன். கேட்பதும் பெண்களிடம்தான். நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தால் அதைவிட நல்ல மேப் கிடையாது. எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது, எந்தப் பக்கம் குடிகாரர்கள் உட்கார்வார்கள் என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

கிடாரிப்பட்டிக்குப் போனோம். அழகர்மலையின் இந்தப் பக்கம். "சமணர் படுகை" என்று நானும் தப்பாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு அக்கா முழித்தார், பக்கத்திலிருந்த பொடியன் "பஞ்சபாண்டவர் படுக்கையைக் கேக்குறாக" என்று மொழிபெயர்த்தான். மதுரைப் பக்கம் எந்தக் குகையில் படுக்கை இருந்தாலும் அது பாண்டவர்கள் படுத்ததுதான். இத்தனை மலையில் படுத்திருந்தால் அந்த ஐவரும் வனவாசம் முழுக்க நம்ம ஊரில்தான் இருந்திருக்க வேண்டும்.

பொடியன் முன்னால் ஓடினான், வெறுங்காலில். நாங்கள் ஷூ போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினோம். குகைக்குள் சுனை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். கல்வெட்டில் உப்பு வணிகன், கலப்பைக் கொழு விற்றவன், வெல்லப்பாகு விற்றவன், மதுரைப் பொற்கொல்லன் எல்லோரும் இருக்கிறார்கள் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். பிள்ளைகளிடம் சொன்னேன். பெரியவள் கேட்டாள், "நம்ம அண்ணாச்சி கடை மாதிரியாம்மா?" அப்படித்தான். மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து சாமியார்களுக்கு மழைக்கு ஒதுங்க இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், நாகமலைவாசிக்கு. கிடாரிப்பட்டியில் உள்ள சிற்பத்தின் கீழே அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்தது என்று இருக்கிறது. நீங்கள் எளிதான வழி என்று ஒரு வரியில் தாண்டிய பேச்சிப்பள்ளத்தில் ஒரு சிற்பம் அவருடைய தாயார் குணமதியார் செய்வித்தது. மகன் ஒரு மலையில், அம்மா ஒரு மலையில். அடுத்த முறை போனால் அந்த அம்மாவைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.

வரும்போது ஒரு தப்பு நடந்தது. என் அக்கா நல்ல வாசனையாகச் சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தாள். பாறைக்கு அடியில் மலைத்தேனீக் கூடு. பொடியன்தான் பார்த்து எங்களைச் சுற்று வழியில் கூட்டிவந்தான். "அத்தை, இனிமே குளிக்காம வாங்க" என்று அக்காவிடம் சொன்னான் பாருங்கள்.

ஒத்தக்கடை

என் கதை சின்னது, மானம் போன கதை. யானைமலை எங்கள் ஊர்ச் சொத்து என்ற திமிர். நரசிங்கம் குடைவரைக் கோயில், லாடன் கோயில், மேலே பாறையில் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் சமணச் சிற்பங்கள், இவற்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் முதுகுப் பக்கம் மொட்டைப் பாறையில் ஏறிவிட்டேன். ஏறுவது எளிது. திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். கால் வைக்க ஒரு கீறல்கூட இல்லை. உட்கார்ந்து நகர்ந்தால் பேன்ட் கிழிகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. ஒரு மணி நேரம் அப்படியே, யானைமேல் ஈ மாதிரி.

கீழே மாடு மேய்த்த அண்ணன் பார்த்துவிட்டு ஏறி வந்தார். திட்டவில்லை. "செருப்பக் கழட்டி இடுப்புல சொருகு, என் காலடியவே பாரு, மதுரையப் பாக்காத" என்றார். பக்கவாட்டில் நூறடி கூட்டிப்போனார், அங்கே ஒரு மடிப்பு, படி மாதிரி இறங்குகிறது. "ஏறத் தெரிஞ்சவன் எறங்குற வழியப் பாத்துட்டுத்தான் ஏறுவான்" என்று கடைசியில் மட்டும் சொன்னார். மழை நாளாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பென்ஷன் வாங்கி

மேலே சொன்னதெல்லாம் ஊரை ஒட்டிய பாறைக் குன்றுகள். அந்த தைரியத்தில் காப்புக்காட்டுக்குள் நுழைந்துவிடாதீர்கள். சிறுமலையானாலும் அழகர்மலையின் உள்பக்கமானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் 23 பேர் போனார்கள். மறக்க முடியுமா? புல் காய்ந்திருந்தது, காற்று அடித்தது, ஓட வழி தெரியவில்லை. 2024 அக்டோபரிலிருந்து அரசே 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு வைத்திருக்கிறது, வழிகாட்டியோடு. கோடையில் தீ பயத்துக்கு மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியிருக்கிறது, பேரம் பேசாதீர்கள்.

மற்றபடி எனக்கு அறுபத்தாறு வயது. வாராவாரம் திருப்பரங்குன்றத்தை ஒரு சுற்று. பருத்திப்பால் குடித்துவிட்டு வீடு. அதுவும் மலை நடைதான், சிரிக்காதீர்கள்.

பெயர் வேண்டாம்

எல்லாரும் ஊர்ப் பெயரோடு எழுதுகிறீர்களே, அடுத்த மாதம் அங்கே பிரியாணி டப்பா கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சுனை இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

நாகமலைவாசி

சொல்ல வேண்டாம், நியாயம்தான். மீனாட்சிபுரத்துத் தாத்தா மாதிரி பின்னாலேயே வர எல்லா ஊரிலும் ஆள் இல்லை. ஆனால் யாருக்குமே தெரியாத மலையை யாராவது உடைத்து ஜல்லியாக விற்றால் கேட்கவும் ஆள் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் எனக்கும் விடை தெரியவில்லை. நான் செய்வது இவ்வளவுதான்: ஊர்ப் பெயரைச் சொல்வேன், பாதையை எழுத மாட்டேன். வருகிறவர் அங்கே ஒருத்தரிடமாவது வாய் திறந்து கேட்கட்டும்.

குணமதியாரைப் போய்ப் பார்த்தேன், அம்மா. எட்டில் எது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. வட்டெழுத்து தெரிந்த ஒரு கல்லூரிப் பையன் தற்செயலாக அங்கே இருந்தான், அவன்தான் விரலை எழுத்தில் படாமல் காற்றில் ஓட்டிக் காட்டினான்.

நேற்று பால்காரரிடம் பேச்சுக்கொடுத்தேன். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர். நாகமலையின் பின்பக்கம் ஏற வழி உண்டா என்று கேட்டேன். "ஏன் இல்லாம? எங்க மாடு தெனமும் அங்கிட்டுத்தான் போகுது. ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு வந்துருங்க, லேட்டானா மாடு நிக்காது" என்றார். அலாரம் வைத்திருக்கிறேன்.