ஆளில்லாத ஷெட்டில் 500 மணி நேர பம்ப் சோதனை: டேட்டா பதிவு பாதியில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேட்டவர் (கே.ஆர்.புரம், பெங்களூரு):

எல்லோருக்கும் வணக்கம். தாபஸ்பேட்டை பக்கம் ஒரு ஷெட்டில் பம்ப் ஒன்றை 500 மணி நேரம் ஓட்டிச் சோதிக்கிறோம். வாசலில் காவலாளி இருப்பார், உள்ளே யாரும் கிடையாது. எனக்கு நெலமங்களா தாண்டிப் போய்த் திரும்பவே அரை நாள் ஆகிவிடுகிறது. இதுவரை மூன்று முறை ஓட்டிவிட்டோம், மூன்று முறையும் பதிவு பாதியில் நின்றுவிட்டது. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. டேட்டா இல்லாத மணி நேரங்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மொத்தம் 16 சேனல்: 8 பிரஷர், 4 ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் எவ்வளவு இழுபடுகிறது என்று அளப்பது), 4 கே டைப் தெர்மோகப்பிள் (வெப்பம் அளப்பது). எல்லாமே நொடிக்கு 1000 சாம்பிள் (அளவீடு), ஒரு சாம்பிளுக்கு 4 பைட். சென்சார்களைப் படிக்கும் டேட்டா பாக்ஸ் யூஎஸ்பி ஹப் வழியாக லேப்டாப்புக்குப் போகிறது. கழற்றிக்கொண்டு வர வசதியாக இருக்கட்டும் என்று 32 ஜிபி பென்டிரைவில் ஒரே ஃபைலாக எழுதுகிறேன். லேப்டாப் தூங்காதபடி வைத்தாயிற்று. அப்டேட்டை நிறுத்தியாயிற்று. யூஎஸ்பி பவர் சேவிங்கும் இல்லை. யூபிஎஸ் இருக்கிறது.

முதல் முறை வெள்ளி மாலை 6:00க்கு ஆரம்பித்தேன், சனி மதியம் 12:38க்கு நின்றது. இரண்டாவது திங்கள் காலை 9:15க்கு ஆரம்பித்து செவ்வாய் அதிகாலை 3:53. மூன்றாவது புதன் இரவு 7:00, நின்றது நள்ளிரவு 1:10. முதல் இரண்டு முறையும் ‘இடம் போதவில்லை’ என்று திரையில் செய்தி இருந்தது. ஆனால் பென்டிரைவில் 25 ஜிபி காலி! பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று வேறொன்று மாற்றினேன். மூன்றாவது முறை வந்த செய்தி ‘கருவி கிடைக்கவில்லை’. நேரத்தில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. எங்கே தேடுவது?

ஜாலஹள்ளியிலிருந்து பதில்:

ஒழுங்கு இருக்கிறது சார். கடிகார நேரத்தை விடுங்கள், ஆரம்பத்திலிருந்து எவ்வளவு நேரம் ஓடியது என்று பாருங்கள். முதல் முறை 18 மணி 38 நிமிடம். இரண்டாவது முறையும் அதே 18 மணி 38 நிமிடம்.

16 சேனல், 1000 சாம்பிள், 4 பைட்: நொடிக்கு 64,000 பைட். உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் (ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறை) இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறிக்க 32 பிட் தான் உண்டு, ஆகவே ஒரு ஃபைல் 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் வளராது. அதை 64,000ஆல் வகுத்தால் 67,108 நொடி, அதாவது 18 மணி 38 நிமிடம் 28 நொடி. 25 ஜிபி காலியாக இருப்பதும் உண்மை, அந்த ஃபைலுக்கு மேற்கொண்டு இடமில்லை என்பதும் உண்மை. பென்டிரைவ் மேல் தப்பில்லை.

இதைச் சரிசெய்தாலும் 32 ஜிபி 139 மணி நேரத்தில் நிறைந்துவிடும். லேப்டாப்பின் உள் டிஸ்கிலேயே எழுதுங்கள். எக்ஸ்ஃபேட் வடிவம் வேண்டாம், அதில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, எழுதும்போது கரண்ட் போனால் ஃபைல் அட்டவணையே குழம்பலாம். ஜர்னல் உள்ள என்டிஎஃப்எஸ் வடிவம் போதும். அப்புறம் மணிக்கு ஒரு ஃபைல் என்று மூடி, புதிதாகத் திறங்கள். 500 மணி நேரத்தை ஒரே ஃபைலில் வைப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

கேட்டவர்:

பார்த்தேன், ஃபேட்32 தான். ரொம்ப நன்றி சார், இரண்டு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் மூன்றாவது முறை 6 மணி 10 நிமிடத்தில் நின்றது எதனால்?

ஓசூரிலிருந்து பதில்:

தம்பி, அந்த இரவு 1:10க்கு கரண்ட் போனதா என்று காவலாளியிடம் கேளுங்கள். இன்னொன்று, யூபிஎஸ்ஸில் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள்? லேப்டாப் என்று சொல்லாதீர்கள், அதற்குப் பேட்டரி இருக்கிறது. அந்த யூஎஸ்பி ஹப்பின் அடாப்டர் எந்த பிளக்கில் இருக்கிறது? நேரில் போய் ஒவ்வொரு ஒயரையும் கையால் பிடித்துக்கொண்டே பிளக் வரை போய்ப் பாருங்கள்.

தெர்மோகப்பிளுக்கு நொடிக்கு 1000 சாம்பிள் எதற்கு? உறை போட்ட தெர்மோகப்பிள் சூடேறவே சில நொடி ஆகும். நொடிக்கு ஒன்று போதும், தனி ஃபைலில் போடுங்கள்.

கேட்டவர்:

நேற்று போய்ப் பார்த்தேன். பாக்ஸ் யூபிஎஸ்ஸில் இருக்கிறது, ஹப் அடாப்டர் நேராகச் சுவர் பிளக்கில். அன்று இரவு ஒரு மணி வாக்கில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறியதாகக் காவலாளி சொன்னார். பம்ப் பேனல் தானாக மறுபடி ஸ்டார்ட் ஆகும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஹப்பையே எடுத்துவிட்டேன், இப்போது நேரடிக் கேபிள்.

பதிவு நின்றால் பம்ப்பும் நிற்கும்படி செய்யலாமா? மென்பொருளிலிருந்து ஒரு டிஜிட்டல் அவுட்புட் (ஆன்/ஆஃப் சிக்னல்) எடுத்து காண்டாக்டரை, அதாவது பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த ஸ்விட்சை, விழ வைக்கலாம் என்று யோசனை.

ஜாலஹள்ளியிலிருந்து பதில்:

அவுட்புட்டை ‘ஆன்’ என்று விட்டுவைக்காதீர்கள். மென்பொருள் உறைந்துபோனாலும் அது ஆனிலேயே நிற்கும். நொடிக்கு ஒருமுறை ஆன், ஆஃப் என்று மாறவேண்டும். அந்த மாற்றம் நின்றால் வாட்ச்டாக் ரிலே (சிக்னல் மாறுகிறதா என்று கண்காணிக்கும் ஸ்விட்ச்) விழவேண்டும். சில பாக்ஸ்களில் வாட்ச்டாக் உள்ளேயே இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

ஓசூரிலிருந்து பதில்:

உடனே நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆயுள் சோதனையில் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் சீலுக்கும் பேரிங்குக்கும் ஒரு சுமை. மென்பொருள் தானாக மீண்டு எழ பத்து நிமிடம் கொடுத்து, அப்புறம் நிறுத்துங்கள். எத்தனை ஸ்டார்ட் வரை ஒப்புக்கொள்வார்கள் என்று சோதனை கேட்டவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள்.

ஆனால் பேரிங் சூடானால் நிறுத்துவதை லேப்டாப்பிடம் விடவே கூடாது. தனியாக ஒரு தெர்மோஸ்டாட் (சூடு மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்), காண்டாக்டர் காயிலோடு நேராக ஒயர் போட்டது. பக்கத்தில் ஆள் இல்லாத இடம் தம்பி, இதைச் செய்யாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

போனுக்குச் செய்தி அனுப்பும்போது ‘கோளாறு’ என்று மட்டும் அனுப்ப வைக்காதீர்கள். லேப்டாப்பின் இன்டர்நெட் டாங்கிள் செத்தால் அந்தச் செய்தியும் வராது. மணிக்கொருமுறை ‘ஓடுகிறது’ என்று வரட்டும். வராத மணிக்கு நீங்கள் எழுந்து பார்க்க வேண்டும்.

கேட்டவர்:

தெர்மோஸ்டாட் போட்டு, வாட்ச்டாக்குக்குப் பத்து நிமிட டைமர் வைத்து, வியாழன் ஆரம்பித்தேன். இப்போது 96 மணி தாண்டிவிட்டது. தெர்மோகப்பிளைத் தனி ஃபைலுக்கு மாற்றியதால் மீதி 12 சேனலுக்கு மணிக்கு 17,28,00,000 பைட் வரவேண்டும். செய்தியோடு முந்தைய ஃபைலின் அளவும் வருகிறது, ஒரு எண்ணைப் பார்த்தாலே முழுசா குறைவா என்று தெரிகிறது.

ஞாயிறு இரவு கரண்ட் போனது. பிரஷர் சுழியத்துக்கு இறங்கி, 40 நொடிக்குப் பிறகு ஏறுவது அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்த மணி நேர ஃபைலும் 17,28,00,000 தான்.