குரூப்ல 2,300 பேர், பேசுறது 17 பேர்... மத்தவங்கள எப்படி பேச வைக்கிறது?

நூல்கண்டு:

எல்லாருக்கும் வணக்கம். நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து தையல் பழகுறவங்களுக்காக ஒரு ஆன்லைன் குழு நடத்துறோம், மூணு வருஷம் ஆகப்போகுது. மெம்பர் எண்ணிக்கை 2,300 தாண்டியாச்சு, கேக்க நல்லாத்தான் இருக்கு. நேத்து உக்காந்து எண்ணிப் பார்த்தேன், போன மாசம் முழுக்க ஏதாவது ஒண்ணு எழுதினவங்க மொத்தம் 17 பேர். அதுல மூணு பேர் நாங்களே. மத்தவங்க வர்றாங்க, படிக்கிறாங்க, நாங்க போடுற பேட்டர்ன் ஃபைல டவுன்லோடு பண்ணிக்கிறாங்க, அதெல்லாம் தெரியுது, ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க.

நாங்களும் சும்மா இருக்கல. வாராவாரம் போட்டி வெச்சு ஜெயிச்சவங்களுக்கு பேட்ஜ் குடுத்தோம், அந்த 17 பேரே மாத்தி மாத்தி ஜெயிச்சாங்க. ஒரு தடவ "ஒரு மாசமா பேசாதவங்கள தூக்கிடுவோம்"னு அறிவிப்பும் போட்டாச்சு (என் ஐடியா இல்ல, நான் வேணாம்னுதான் சொன்னேன்). அன்னிக்கு ஒரே நாள்ல நாப்பது பேர் "வணக்கம்", "ப்ரெசன்ட்"னு போட்டாங்க, மறுநாள்லேர்ந்து மறுபடி மயான அமைதி.

புதுசா வர்றவங்களுக்கு எங்க நடைமுறையும் சொல்லிடறேன். 11 கேள்வி உள்ள ஒரு ஃபார்ம், அப்புறம் 26 விதிமுறை, படிச்சுட்டு ஓகே குடுக்கணும், அப்புறம் அறிமுகப் பகுதில போட்டோவோட ஒரு அறிமுகம், அதுக்கப்புறம் மொத மூணு பதிவு நாங்க பார்த்து அப்ரூவ் பண்ணாத்தான் வெளிய வரும். ஒரு காலத்துல ஸ்பேம் தொல்ல தாங்காம ஒண்ணொண்ணா சேர்த்தது. இதுல எத மாத்தினா மக்கள் சுலபமா உள்ள வந்து பேசுவாங்க? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_மோடம்:

ஃபார்ம், விதி, போட்டோ, அப்ரூவல்... பாஸ்போர்ட் இதவிட சீக்கிரம் கெடைக்கும்போல இருக்கே :)

மொதல்ல ஒரு கணக்கு. இணையதளங்கள மக்கள் எப்படி பயன்படுத்துறாங்கன்னு ரொம்ப வருஷமா எழுதிட்டு வர்ற ஜேக்கப் நீல்சன் 2006ல 90-9-1ன்னு ஒரு கணக்கு சொன்னார். நூறு பேர்ல 90 பேர் பார்த்துட்டு போயிடுவாங்க, 9 பேர் எப்பவாச்சும் ஏதாவது சொல்லுவாங்க, பாக்கி ஒருத்தர்தான் எழுதித் தள்ளுவார். சுமாரான கணக்குதான், ஆனா நிறையக் குழுக்கள்ல கிட்டத்தட்ட இந்த மாதிரிதான் வந்து நிக்கும். அதனால அந்த 90 பேர நெனச்சு தூக்கம் கெடாதீங்க. உங்ககிட்ட காணாமப் போனது நடுவுல இருக்க வேண்டிய 9. 2,300 பேருக்கு 200 பேராவது எப்பவாச்சும் ஒரு வரி எழுதணும், உங்களுக்கு 17தான். அப்போ அந்த 200 பேர் எங்க போனாங்க? வந்தாங்க, உங்க ஃபார்ம பார்த்தாங்க, திரும்பிப் போயிட்டாங்க.

இதுக்கு நுபீடியா கதைய விட நல்ல உதாரணம் கெடையாது. 2000ல ஆரம்பிச்ச ஆன்லைன் கலைக்களஞ்சியம், துறை தெரிஞ்ச தன்னார்வலர்கள் எழுதணும்னாங்க, ஆனா ஒரு கட்டுரை வெளிய வர ஏழு கட்ட பரிசோதனை. 2003ல கடைய மூடுறப்ப முடிஞ்ச கட்டுரை வெறும் 25. அதே ஆளுங்கதான் 2001 ஜனவரில பக்கத்துலயே விக்கிபீடியாவ தொறந்து விட்டாங்க. அங்க அக்கவுன்ட்கூட வேணாம், பக்கத்துல இருக்குற பட்டன அழுத்து, தப்ப திருத்து, போ. மிச்சம் உங்களுக்கே தெரியும். நான் அங்க மொதமொதல்ல பண்ணது ஒரு 'ல'வ 'ள'வா மாத்தினதுதான். அஞ்சு செகண்ட் வேலை. அது அப்படியே நின்னுச்சுன்னு மறுநாள் பார்த்தப்ப ஒரு சின்ன கர்வம் வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் பத்து வருஷம் அங்கயே குடியிருந்தேன்.

உங்க குழுல அந்த 'ல', 'ள' எது? அத கண்டுபிடிங்க.

ஓரமா_ஒருத்தி:

நான் இந்த ஐடி தொறந்து நாலு வருஷம் ஆச்சு இதுதான் என் மொத பதிவு, தலைப்ப பார்த்ததும் என்னப் பத்திதான் பேசுறாங்கன்னு தோணிச்சு அதான் எழுதுறேன் தப்பு இருந்தா மன்னிக்கணும். நான் வேற ஒரு கைவேலைக் குழுல இருக்கேன், ஒரு நாள் ராத்திரி ஒரு சந்தேகம் கேக்கலாம்னு டைப் பண்ண ஆரம்பிச்சேன், எழுதினேன் அழிச்சேன் எழுதினேன், போட்டோ எடுத்தா பின்னாடி வீடு அலங்கோலமா தெரியுது அத மறைச்சு திரும்ப எடுத்தேன், கடைசில மேல போய் பழசெல்லாம் படிச்சா யாரோ ஒருத்தங்க இதே மாதிரி கேட்டதுக்கு ஒரு சீனியர் "இது ஆயிரம் தடவ பேசியாச்சு தேடிப் பாருங்க"ன்னு சொல்லி வெச்சிருக்காரு. முடிஞ்சுது. எல்லாத்தையும் அழிச்சுட்டு படுத்துட்டேன். அந்த அவமானம் எனக்கு நடக்கல ஆனா நடந்த மாதிரியே இருந்துச்சு.

அந்த "பேசாதவங்கள தூக்கிடுவோம்" அறிவிப்பு மட்டும் திரும்ப போட்றாதீங்க அக்கா (அக்காதானே?). நாங்க ஒண்ணும் சும்மா உக்காந்திருக்கல, படிக்கிறோம், செஞ்சு பார்க்குறோம், பக்கத்துல இருக்குறவங்களுக்கு சொல்லிக் குடுக்குறோம். சில பேருக்கு எழுதவே வராது சில பேருக்கு நேரம் இல்ல.

இன்னொரு குழுல என்ன பண்ணாங்கன்னா ஒருநாள் "உங்க கத்தரிக்கோல் எந்தக் கையில பிடிப்பீங்க, இடதா வலதா"ன்னு ஒரு ஓட்டெடுப்பு. நான் இடது. பட்டன தட்டிட்டேன், அவ்ளோதான். பார்த்தா இடது கைக்காரங்க நிறைய பேர் இருந்தாங்க, கீழ ஒருத்தங்க கஷ்டத்த சொல்ல நானும் ஒரு வரி போட்டேன் எப்படி போட்டேன்னே தெரியல.

செவிவழி:

எனக்குக் கண் பார்வை கிடையாது, ஸ்கிரீன் ரீடர் வெச்சுதான் படிக்கிறேன். சுலபமாக்குறது பத்திப் பேசுறீங்க, அதனால என் பக்கமும் கேளுங்க.

முக்கால்வாசி குழுக்கள்ல முக்கியமான அறிவிப்பு எல்லாம் போஸ்டர் மாதிரி படமாத்தான் வருது. எனக்கு அது "படம்"னு மட்டும் கேக்கும். அதுல என்னிக்கு கூட்டம், எங்க பதிவு பண்ணணும் எல்லாம் இருக்கும், என் காதுக்கு வராது. படத்துக்கு கீழ அதே விஷயத்த ரெண்டு வரி எழுத்துல போட்டா போதும். அப்புறம் வரிசையா பன்னெண்டு பூ எமோஜி போட்டு வரவேற்பீங்க, அன்புதான், ஆனா என் ரீடர் சில நேரம் அத ரோஜாப்பூ ரோஜாப்பூன்னு பன்னெண்டு தடவையும் சொல்லி முடிச்சுட்டுதான் உங்க பேருக்கே வரும்.

சேரும்போது கோணல்மாணலான எழுத்த பார்த்து டைப் பண்ணச் சொல்ற சோதனை இருந்தா நான் அங்கயே அவுட். வாய்ஸ் மெசேஜ் எனக்கு வசதி, ஆனா காது கேக்காதவங்களுக்கு அது வெறும் ஒரு கோடு. ரெண்டும் இருக்கட்டும். நூல்கண்டு, உங்க அறிமுகத்துல போட்டோ கட்டாயம்னு எதுக்கு வெச்சீங்க? பல பெண்கள் அதுக்காகவே சேர மாட்டாங்க.

வாட்ச்மேன்_மாமா:

எல்லாரும் கதவத் தொறங்க தொறங்கன்னு சொல்றீங்க, தொறந்தா என்ன ஆகும்னு ராத்திரி மூணு மணிக்கு ஸ்பேம் அழிச்சவனுக்குத்தான் தெரியும். நான் ஒரு பெரிய குழுவுக்கு ஏழு வருஷம் மாடரேட்டர். ஒரு தடவ அப்ரூவல எடுத்துட்டுத் தூங்கப் போனேன், எழுந்து பார்த்தா கடன் விளம்பரம் அறுபது. அந்த வாரமே நல்ல எழுத்தாளர்கள் நாலு பேர் கெளம்பிப் போயிட்டாங்க. அதையும் கணக்குல வைங்க.

ஆனா உங்க பூட்டு தப்பான எடத்துல இருக்கும்மா. ஸ்பேம்காரனுக்கு வேண்டியது லிங்க் போடுறது, எல்லாருக்கும் தனி மெசேஜ் தட்டுறது. அத மட்டும் பூட்டுங்க, பேசுறத விட்டுடுங்க. ஆன்லைன் குழு நடத்துறதுக்குன்னே இருக்குற டிஸ்கோர்ஸ் மென்பொருள் இதத்தான் செய்யும், புது ஆள் வந்தவுடனே எழுதலாம், ஆனா லிங்க், படம் இதுக்கெல்லாம் ஒரு கட்டுப்பாடு. அஞ்சு தலைப்ப தொறந்து, முப்பது பதிவு படிச்சு, மொத்தமா பத்து நிமிஷம் செலவழிச்சா தானாவே அடுத்த படிக்கு ஏத்திவிடும். கவனிங்க, அங்க படிக்கிறதுக்கே மதிப்பு, ஓரமா ஒருத்தி மாதிரி ஆளுக்கு அது நியாயம்.

தலைகீழாவும் ஒண்ணு உண்டு. புரோகிராம் எழுதுறவங்களோட கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோல அடுத்தவங்க பதிவுக்குக் கீழ ஒரு சின்ன கமென்ட் போடணும்னா 50 பாயின்ட் வேணும், ஆனா முழு பதில் எழுத பாயின்ட்டே வேணாம். காரணம் இருக்கு, ஆனா புதுசா வர்றவன் "நீங்க எந்த வெர்ஷன்?"னு கேக்க வேண்டியத பதிலா போட்டு திட்டு வாங்குவான். 2018ல அவங்களே "நாங்க புது ஆளுங்கள நல்லா வரவேற்கல"ன்னு ஒத்துக்கிட்டாங்க.

நூல்கண்டு:

(ஆமா அக்காதான்.) எல்லாத்தையும் படிச்சுட்டு எங்க அப்ரூவல் வரிசைய போய் தோண்டினேன். வயித்தெரிச்சல். அஞ்சு மாசம் முன்னாடி ஒருத்தங்க மொத பதிவா எழுதியிருக்காங்க, "துணிக்கு அடியில நூல் கூடு மாதிரி சிக்குது, பாபின (அடிநூல் சுத்தின உருளை) மாத்தியும் சரியாகல"ன்னு. நாங்க அப்ரூவ் பண்ணது ஆறாவது நாள். அதுக்குள்ள அது பழைய பதிவுகளோட கீழ போயிடுச்சு, யார் கண்ணுலயும் படல, ஒரு பதில்கூட இல்ல. இதுக்கு பதில் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. அடியில சிக்கினா முக்கால்வாசி தப்பு மேல் நூல்லதான், ஃபூட்ட (துணிய அழுத்திப் பிடிக்கிற பாதம்) எறக்கி வெச்சுட்டே நூல் கோத்தா, நூல இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள நூல் உக்காராது, ஃபூட்ட தூக்கிட்டு கோக்கணும். எங்க மூணு பேருக்கும் தெரிஞ்ச விஷயம். அவங்க அதுக்கப்புறம் வரவே இல்ல. இந்த மாதிரி இன்னும் எத்தன இருக்குன்னு எண்ண பயமா இருக்கு.

பழைய_மோடம்:

எண்ணுங்க, அதுலதான் உங்க விடை இருக்கு. பழைய நியூஸ்குரூப்கள (இணையத்துல அந்தக் கால விவாதக் குழுக்கள்) எடுத்து ஜாய்ஸ், கிரௌட்னு ரெண்டு பேர் 2006ல ஆராய்ச்சி பண்ணாங்க, மொத பதிவுக்கு பதில் கெடைச்சவங்க திரும்ப எழுத வர்றது அதிகமா இருந்துச்சு. ஓட்டெடுப்பு, பேட்ஜ் எல்லாம் அப்புறம், புது ஆளோட மொத பதிவுக்கு ஒரு நாளைக்குள்ள ஒரு மனுஷன் பதில் போடணும், அத யாரோட பொறுப்புன்னு பேர் சொல்லி பிரிச்சுக்குங்க. பொதுவா "எல்லாரும் பாத்துக்கலாம்"னா ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க.

உதவி கேக்குறதும் அப்படித்தான். "யாராவது எழுதுங்களேன்"னு கூட்டத்தப் பார்த்துக் கத்தினா அவனவன் பக்கத்துல இருக்குறவனப் பார்ப்பான். மூவிலென்ஸ்னு படங்களுக்கு மார்க் போடுற ஒரு தளத்துல சோதிச்சுப் பார்த்தாங்க, 2005ல வெளியான ஆய்வு. "உங்க ரசனை மத்தவங்ககிட்ட இல்லாதது, நீங்க போடுற மார்க் அதனால முக்கியம்"னு சொன்னவங்களும், இத்தன படத்துக்குப் போடுங்கன்னு திட்டமா ஒரு எண்ணிக்கை சொன்னவங்களும் அதிகமா போட்டாங்க. அதனால "ஓரமா ஒருத்தி, நீங்க இடது கைக்காரங்க, கழுத்துப் பட்டி வெட்டுறப்ப துணிய எந்தப் பக்கமா திருப்புவீங்க?"ன்னு கேளுங்க. அவங்ககிட்ட மட்டும் இருக்குற விஷயம் அது.

ஓரமா_ஒருத்தி:

அய்யோ என்ன வெச்சு உதாரணமா. துணிய திருப்ப மாட்டேன், நான் மேசைய சுத்திப் போவேன் :)

நூல்கண்டு:

அஞ்சு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன், சொல்லாம போனா நல்லா இருக்காது. மத்த ரெண்டு அட்மினோட சண்ட போட்டுத்தான் எல்லாம் நடந்துச்சு. போட்டோ கட்டாயம் இல்ல, அறிமுகமே கட்டாயம் இல்ல. மொத பதிவுல லிங்க் இருந்தா மட்டும் வரிசைல நிக்கும், மத்தது நேரா வெளிய. 26 விதிய ஆறா குறைச்சோம், அதுல ஒண்ணு "தேடிப் பாருங்கன்னு மட்டும் பதில் சொல்லக் கூடாது, தேடி லிங்க எடுத்துக் குடுங்க". போஸ்டருக்கு கீழ எழுத்துல போடுறோம், ரெண்டு தடவ மறந்துட்டோம், செவிவழி நீங்க அங்கயும் சேர்ந்து திட்டினதுக்கு நன்றி. நாள் முறை போட்டு புதுப் பதிவ பார்த்துக்குறோம், என் நாள் செவ்வாய்.

இப்போ மாசத்துக்கு 64 பேர். ஸ்பேமும் வந்துச்சு வாட்ச்மேன் மாமா, ஒம்போது. அழிச்சாச்சு. பழைய 17ல ரெண்டு பேர் "கேள்வி எல்லாம் ஆரம்பப் பள்ளி லெவல்ல இருக்கு"ன்னு மூஞ்சத் தூக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல. அந்த அடிநூல் சிக்கல் கேட்டவங்களுக்கும் பதில் போட்டு டேக் பண்ணேன். இதுவரைக்கும் பார்க்கல.

வாட்ச்மேன்_மாமா:

அந்த ரெண்டு பேருக்கு தனியா ஒரு மூலை குடுங்க, அடங்கிடுவாங்க. ஃபார்ம்ல எத்தன கேள்வி மிச்சம் இருக்கு?

நூல்கண்டு:

ஒண்ணு. "இப்போ எதத் தைக்கணும்னு ஆச?"