நடந்த விசித்திரங்களிலிருந்து மர்ம நாவலுக்கு முடிச்சு எடுப்பது எப்படி?

கேள்வி: பனிமலை வாசகர்

வணக்கம் நண்பர்களே. மர்ம நாவல் எழுதுகிறவர்களிடமும் ஊன்றி வாசிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். 1965ஆம் ஆண்டு அக்டோபரில், சீனாவின் அணு ஆயுதச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக, அமெரிக்காவின் சிஐஏவும் இந்திய உளவுத்துறையும் சேர்ந்து நந்தா தேவி சிகரத்தில் ஒரு கருவியை நிறுவ முயன்றன. அதற்கு மின்சாரம் தரவேண்டிய பெட்டிக்குள் புளூட்டோனியம் இருந்தது. வானிலை மோசமானதால் மலையேறிகள் அதை நான்காம் முகாமில் பத்திரப்படுத்திவிட்டு இறங்கினார்கள். அடுத்த வசந்தத்தில் திரும்பிச் சென்றபோது அது அங்கே இல்லை. 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்திலேயே இதை ஒப்புக்கொண்டார். கருவி கிடைத்ததாக இன்றுவரை எந்த அரசும் அறிவிக்கவில்லை.

இதைவிட நல்ல கதைக்கரு அமையாது என்று நம்புகிறேன். ஆயினும், நாயகன் அதைத் தேடிப் போகிறான் என்பதற்கு மேல் கதை நகர மறுக்கிறது. செய்தியே தன்னளவில் முழுமையாக இருப்பதால் நான் சேர்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்று தோன்றுகிறது. இத்தகைய உண்மையிலிருந்து நாவலுக்குரிய முடிச்சை எப்படி எடுப்பது?

பதில்: மலைச்சாரல்

செய்தி முழுமையாக இருக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை, நண்பரே. குழு இறங்கிய அக்டோபருக்கும் மீண்டும் ஏறிய வசந்தத்துக்கும் நடுவே ஒரு முழுக் குளிர்காலம் கிடக்கிறது. அந்த மாதங்களில் நான்காம் முகாமில் நடந்ததைக் கண்டவர் எவரும் இல்லை. பனிச்சரிவு அடித்துச் சென்றிருக்கும் என்பது பெரும்பாலோர் கணிப்பு. இந்தியாவே இரகசியமாக எடுத்துக்கொண்டது என்ற ஊகமும் உண்டு. உங்கள் நாவலுக்கு இடம் அந்தக் குளிர்காலத்தில்தான் இருக்கிறது. தேடுகிறவனைச் சற்று ஒதுக்கிவிட்டு, அது கிடைக்கவே கூடாது என்று விரும்புகிறவர் யார், ஏன் விரும்புகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

வில்லன் அதை எடுத்து அணுகுண்டு செய்வதாக மட்டும் எழுதிவிட வேண்டாம். இத்தகைய மின்னாக்கிகளில் வெப்பத்துக்காக வைக்கப்படும் புளூட்டோனியம்-238 குண்டுக்கு உரிய வகை அன்று. விவரம் அறிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். உறை உடைந்து, துகள்கள் நீரிலோ மூச்சிலோ கலப்பதே மெய்யான அபாயம். அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்கே சுமார் 88 ஆண்டுகள் ஆகும், அந்த மலைப்பகுதியின் நீரோ ரிஷிகங்கை வழியாகக் கங்கையில் சேர்கிறது. 2021 பிப்ரவரியில் சமோலி மாவட்டத்தில் திடீர் வெள்ளம் புகுந்து, 200க்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனபோது, ரைனி கிராமத்தவர் சிலர் அந்தக் கருவிதான் வெடித்திருக்குமோ என்று அஞ்சினார்கள். ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே காரணம் என்று அறிவியலாளர்கள் பின்னர் விளக்கினார்கள். இருந்தாலும், தலைக்கு மேலே எங்கோ ஒன்று புதைந்திருக்கிறது என்ற அச்சத்தோடு தலைமுறைகளைக் கடந்து வாழும் ஓர் ஊர், எந்த உளவாளியையும்விட வலுவான கதைமாந்தர் என்பது என் எண்ணம்.

பதில்: ஏழாம் அறை

மேலே சொன்னது நல்ல வழி. நானாக இருந்தால் நிகழ்ச்சியை அப்படியே விட்டுவிட்டு, அது இயங்கிய விதத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். 1945இல் சோவியத் சிறுவர் இயக்கத்தினர் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு, அவருடைய நாட்டு முத்திரையை மரத்தில் செதுக்கிப் பரிசளித்தார்கள். தூதரின் இல்லத்தில் 7 ஆண்டுகள் தொங்கிய அந்த மரச்சிற்பத்துக்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. சோவியத் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் வடிவமைத்த அதில் மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலைக்கற்றையைப் பாய்ச்சும்போது மட்டுமே அது உயிர்பெறும். மற்ற நேரத்தில் வெறும் உலோகம். அதனால்தான் சோதனைகளில் அகப்படாமல் தப்பியது.

இந்த விதியிலேயே ஒரு முழுக் காட்சி அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். எதிரி கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கருவியைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், எதிரி கேட்க விரும்பும் ஒன்றை யாராவது உரக்கப் பேசியாக வேண்டும். 1952இல் நடந்ததும் அதுவே. தூதர் ஜார்ஜ் கென்னன் பழைய அறிக்கை ஒன்றைப் புதியதுபோலத் தம் செயலாளரிடம் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருக்க, தொழில்நுட்ப வல்லுநர்கள் அந்தக் குரலைப் பின்தொடர்ந்து அறையைத் துழாவிச் சிற்பத்தை அடைந்தார்கள். மாஸ்கோவையும் முத்திரையையும் நீக்கிவிட்டு, இந்த விதியை ஒரு திருமண மண்டபத்துக்கோ ஒரு நீதிபதியின் வீட்டுக்கோ கொண்டுசெல்லலாம். பேசுகிறவர் எதைப் பேசுகிறார், அந்தப் பொய்யில் எவ்வளவு உண்மையைக் கலக்கத் துணிகிறார் என்பதில் உங்கள் நாவல் பிறக்கும்.

மறுமொழி: பனிமலை வாசகர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குளிர்காலத்தையும், கிடைக்கக் கூடாது என்று விரும்புகிறவரையும் எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. உண்மையில் நடந்ததையே எழுதினாலும், வாசகர் ‘இது நம்பும்படி இல்லை’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பதில்: கடைசிப் பெட்டி

விசித்திரத்தை இரண்டு முறை நிகழவிடுங்கள். முதல்முறை தோற்றுப்போக வேண்டும். 1978 செப்டம்பரில் லண்டனில், பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவ் வாட்டர்லூ பாலத்தருகே பேருந்துக்காக நின்றபோது தொடையில் ஏதோ குத்தியது; திரும்பிப் பார்த்தால் ஒருவர் குடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். 4 நாள்களில் மார்க்கோவ் இறந்தார். உடலில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான உலோகக் குண்டு ஒன்று இருந்தது. அதிலிருந்த நஞ்சு ஆமணக்கு விதையிலிருந்து கிடைக்கும் ரிசின் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இதை மட்டும் நாவலில் எழுதினால் வாசகர் ஐயப்படுவது இயல்பே. ஆனால், சில நாள்களுக்கு முன்பு பாரிஸில் விளாதிமிர் கோஸ்தோவ் என்ற இன்னொரு பல்கேரியருக்கும் முதுகில் அப்படியே குத்தியிருந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்து நீங்கிவிட்டது. மார்க்கோவின் மரணச் செய்தி பரவிய பிறகுதான் அவர் உடலைச் சோதித்து, அதே போன்ற குண்டை வெளியே எடுத்தார்கள்.

காய்ச்சலோடு தப்பியவரை உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில், பெரிய விளக்கம் எதுவுமின்றிக் கடந்துபோங்கள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மற்றவர் விழும்போது வாசகரே பின்னோக்கிப் புரட்டி அந்தக் காய்ச்சலைத் தேடுவார். அப்போது அவரை நம்பவைக்க நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டியிருக்காது. நந்தா தேவிக் கதையிலும், கருவி காணாமல் போவதற்கு முன்பே, அதே முகாமிலிருந்து சாதாரண உணவுப்பெட்டி ஒன்று காணாமல் போகட்டும்.