மெஷின் பொலிஷ் போட்ட கறுப்புக் காரில் மங்கல்: பேட் பிழையா, பொலிஷ் பிழையா?

விசுவமடு_கொரோலா:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பழைய கறுப்பு கொரோலா இருக்கிறது. கலியாண ஓட்டம், ஆஸ்பத்திரி ஓட்டம் எல்லாம் அதில்தான். போன வருடம் ஒரு கராஜில் கட் அண்ட் பொலிஷ் (கீறலைத் தேய்த்து எடுத்து மினுக்குவது) செய்யக் கொடுத்தேன். கொட்டிலுக்குள் பார்க்க நல்ல வடிவாக இருந்தது. வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் பொனற் முழுக்கச் சுழி சுழியாகக் கீறல், அதற்கு மேல் நடக்க நடக்க கூடவே நகர்கிற நிழல் மாதிரிக் கோடுகள். திரும்பவும் அங்கே கொடுக்க மனம் வரவில்லை. நானே பழகலாம் என்று 15 மில்லிமீற்றர் டிஏ மெஷின் (சுழன்றுகொண்டே அதிரும் பொலிஷ் மெஷின்) ஒன்று வாங்கினேன். பேட் பூட்டும் தட்டு 5 இஞ்சி.

கையில் இருப்பவை: மஞ்சள் நுரை பேட் 2, கறுப்பு நுரை பேட் 1, உரோம பேட் 1. பொலிஷ் மெக்வையர்ஸ் கம்பனியின் 105, 205 இரண்டும் இருக்கின்றன. மஞ்சள் பேட் மென்மையானது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதை நம்பி மஞ்சளில் 105 போட்டு பொனற்றில் பாதியைச் செய்தேன். சுழிகள் போய்விட்டன. ஆனால் அந்தப் பாதி முழுக்க அடுப்புப் புகை படிந்ததுபோல வெளிறி நிற்கிறது. அதைவிடப் பெரிய பயம், மஞ்சள் பேட் கறுப்பாகிவிட்டது. பெயின்ட்டைத் தேய்த்து முடித்துவிட்டேனா? அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கலியாண ஓட்டம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன்_சந்தி:

பேட்டில் நிறம் வந்தால் கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத படை) போய்விட்டது என்றுதான் அர்த்தம். இனி மெஷினைத் தொடாதீர்கள், பொனற்றைத் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். என்னுடைய நீல வாகனத்தில் எனக்கு இதுதான் நடந்தது.

ஓமந்தை_பெயின்ரர்:

பரந்தன் தம்பி, அவசரப்பட வேண்டாம். உங்கள் வாகனத்துக்கு அது சரியாக இருந்திருக்கும். எல்லாக் காருக்கும் அது பொருந்தாது.

விசுவமடுத் தம்பி, மூன்று விடயம் சொல்லுங்கள். மஞ்சள் பேட் எந்தக் கம்பனி? எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் வைத்துச் செய்தீர்கள்? பொனற்றைத் திறந்தால் ஒரு தகடு தெரியும், அதில் நிறக் குறியீடு என்ன?

விசுவமடு_கொரோலா:

பேட் லேக் கன்ட்ரி. பகல் 11 மணி இருக்கும், மாமரத்துக்குக் கீழே. தகட்டில் 202 என்று இருக்கிறது.

ஓமந்தை_பெயின்ரர்:

சரி, இப்போது விளங்குகிறது. முதலில் பயத்தைத் தீர்க்கிறேன். 202 என்பது டொயோட்டாவின் பழைய கறுப்பு. மினுக்கம் கலக்காத தனி நிறம். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் அது கிளியர் கோட் இல்லாமல் அடிக்கப்பட்டது. அப்படியான பெயின்ட்டில் எந்தப் பொலிஷ் போட்டாலும் பேட்டில் கறுப்பு வரும். உறுதிப்படுத்த ஒரு வேலை செய்யுங்கள். கதவைத் திறந்து, உள் ஓரத்தில் யாருக்கும் தெரியாத இடத்தில், வெள்ளைத் துணியில் ஒரு துளி 205 (மினுக்கும் பொலிஷ்) தொட்டு கையால் தேயுங்கள். இதுவரை யாரும் பொலிஷ் போடாத அந்த இடத்திலும் துணி கறுத்தால் பெயின்ட்டின் தன்மையே அதுதான். அங்கே துணி வெள்ளையாக இருந்து பொனற்றில் மட்டும் கறுத்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இனி மங்கல். நீங்கள் மென்மை என்று நினைத்துப் போட்டது வெட்டும் பேட், அதாவது பெயின்ட்டைத் தேய்த்துக் குறைப்பது. லேக் கன்ட்ரியில் மஞ்சள் வெட்டுவதற்கு, செம்மஞ்சள் அதற்கு ஒரு படி கீழே, வெள்ளை பொலிஷுக்கு, கறுப்பு கடைசி மினுக்கத்துக்கு. ரூப்பெஸ் கம்பனியில் நீலம் முரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை அதிலும் மென்மை. மெக்வையர்ஸின் நுரை வரிசையில் கடும் சிவப்பு வெட்டும், மஞ்சள் நடுவில் நிற்கும், கறுப்பு கடைசி. மூன்று கம்பனிக்கும் மஞ்சள் என்றால் மூன்று வேறு பொருள். வீடியோவில் சொன்னவர் கையில் ரூப்பெஸ் இருந்திருக்கும், அவர் சொன்னதில் பிழை இல்லை. நிறத்தை நம்பாமல் விரலால் அமத்திப் பாருங்கள். விறைப்பாக எதிர்த்து நிற்கும் நுரை வெட்டும், பஞ்சு மாதிரி அமுங்கும் நுரை மினுக்கும்.

105 கடும் கொம்பவுண்ட். கிளியர் கோட்டில் ஏறிய ஆழமான கீறலுக்கும், 1500, 2000 எண் தேய்ப்புத் தாள் போட்ட அடையாளத்துக்கும் அதை எடுப்பேன். 202 மிக மென்மையான பெயின்ட். அதில் வெட்டும் பேட்டும் கடும் கொம்பவுண்டும் சேர்ந்தால் பழைய சுழி போகும், அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான நுண் கீறல்கள் வந்து உட்காரும். உங்களுக்குப் புகையாகத் தெரிவது அதுதான். பகல் 11 மணிக்கு நம்முடைய பக்கத்து வெக்கையில், மர நிழலிலும் பொனற் தகடு சூடாகத்தான் இருக்கும். 105 சும்மாவே கெதியில் காய்ந்து தூளாகிற பொருள். காய்ந்த தூள் தானே கீறும்.

நல்ல செய்தி என்னவென்றால் இதைத் திருத்தத் தேவையானது உங்கள் கையிலேயே இருக்கிறது. கறுப்பு பேட், 205. ஒரு சாண் அகலமுள்ள சதுரத்தை முதலில் செய்து பாருங்கள். முழு பொனற்றையும் தொடவேண்டாம். பேட்டில் பயறு அளவில் நான்கு துளி. மெஷின் வேகம் 2 இல் பரப்பி, 4 இல் வேலை செய்யுங்கள். ஒரு விநாடிக்கு ஒரு இஞ்சி நகர்ந்தால் போதும். ஒருமுறை நெடுக்காக, மறுமுறை குறுக்காக, மொத்தம் நான்கு தடவை. கடைசித் தடவையில் மெஷினின் பாரத்தை மட்டும் விடுங்கள், கையால் அமத்தவேண்டாம். தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், பேட் சுழல்கிறதா, நின்ற இடத்திலேயே அதிர்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். சுழலாவிட்டால் அமத்தல் கூடிவிட்டது.

பிறகு ஐசோபுரோபைல் அல்ககோல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து துடையுங்கள். பொலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், அதைத் துடைத்தால்தான் உண்மை தெரியும். உங்கள் காரில் கொட்டிலுக்குள் வடிவாகவும் வெயிலில் சுழியாகவும் தெரிந்ததற்கு வெளிச்சத்தோடு இந்த எண்ணெயும் காரணமாக இருக்கலாம். நகரும் நிழல் கோடுகள் ரோட்டரி மெஷினை (அதிராமல் ஒரே அச்சில் சுழல்வது) உரோம பேட்டோடு ஓட்டிவிட்டு, அடுத்த படியைச் செய்யாமல் விட்டதால் வருபவை. உங்கள் உரோம பேட்டை எடுத்து வையுங்கள். இந்தக் காருக்கு அது தேவைப்படாது.

வற்றாப்பளை_வடக்கு:

அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மெஷின் வைக்க முதல் எப்படிக் கழுவினீர்கள்? நம்முடைய ஒழுங்கைகளில் கிரவல் புழுதி. அது மட்கார்ட் விளிம்பிலும் பொனற் இடுக்கிலும் நிற்கும். பேட்டில் ஒரு மணல் ஏறினால் எந்த நல்ல பொலிஷும் கீறத்தான் செய்யும். இரண்டு வாளி வைத்துக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டு, விரல் நுனியால் தடவினால் வழுக்கவேண்டும்.

தண்ணீரையும் பாருங்கள். இங்கே பல கிணறுகளில் தண்ணீர் கடினம், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கல்தான் கறுப்புக் காரில் வட்டம் வட்டமாகக் காய்கிறது. அதைக் கொம்பவுண்ட் போட்டுத் தேய்த்து எடுக்கப் போனால் பெயின்ட்தான் குறையும். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். படிவு கரையும். கடைசி அலசலுக்கு நான் ஆர்.ஓ. தண்ணீர் பத்து லீற்றர் வைத்திருப்பேன். கார்த்திகை, மார்கழியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதுவே போதும்.

பரந்தன்_சந்தி:

ஓமந்தை அண்ணை, நான் தெரியாமல் பயப்படுத்திவிட்டேன். தம்பி மன்னிக்கவேண்டும். ஒரு கேள்வி: 205 இல்லாதவர்கள் மென்செர்னா கம்பனியின் பொலிஷ் எடுத்தால் எந்த எண்?

ஓமந்தை_பெயின்ரர்:

மென்செர்னாவில் எண் கூடக் கூட வெட்டு குறையும். 400 கடுமை, 2500 நடுத்தரம், 3500, 3800 கடைசி மினுக்கம். 202 போன்ற பெயின்ட்டுக்கு 3800 இல் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் கீழே வாருங்கள். மென்செர்னாவின் துகள் தேயத் தேயச் சிறிதாகும், ஆகவே பாதியில் நிறுத்தாமல் கண்ணாடி மாதிரித் தெளியும்வரை ஓட்டவேண்டும். 105, 205 அப்படி இல்லை. துகள் அதே அளவில் நிற்கும், எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

விசுவமடு_கொரோலா:

அண்ணைமாருக்கு நன்றி. நேற்றுக் காலை 6 மணிக்குத் தொடங்கினேன். கதவின் உள் ஓரத்தில் தேய்த்த துணி கறுத்தது, அந்த நேரம்தான் மூச்சு வந்தது. கறுப்பு பேட்டில் 205 போட்டு ஒரு சதுரம் செய்தேன். முதல் தடவையில் பாதி மங்கல் போனது, இரண்டாம் தடவையில் முழுக்கப் போனது. அல்ககோல் போட்டுத் துடைத்து வெயிலுக்கு எடுத்துப் பார்த்தேன், மாமரக் கிளை அப்படியே தெரிகிறது. தொடாத மற்றப் பாதியில் 105 இல்லாமலே 205 மட்டும் போட்டேன், சுழிகள் முக்கால்வாசி போய்விட்டன. எனக்கு அது போதும்.

ஒரு புதினம். இடது முன்கதவில் பேட் கறுக்கவே இல்லை. 205 போட்டும் சுழி அசையவில்லை.

ஓமந்தை_பெயின்ரர்:

அந்தக் கதவு பிறகு அடிக்கப்பட்டது. மேலே கிளியர் கோட் இருக்கிறது, அது உங்கள் 202 ஐ விடக் கடினம். நீங்கள் வாங்குவதற்கு முதல் எங்கேயோ தட்டுப்பட்டிருக்கும். கதவு ரப்பரைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், பெயின்ட் ஓரம் படியாகத் தெரியும். அங்கே அந்த மஞ்சள் பேட்டோடு 205 போடுங்கள், தேவைப்பட்டால் மட்டும் 105. பிறகு கறுப்பு பேட்டால் முடியுங்கள். கம்பனி அடித்த பெயின்ட் எல்லாப் படையும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன்தான், மேல் கிளியர் 40, 50 மைக்ரோன் வரும். திரும்ப அடித்த கதவில் எவ்வளவு என்று அளக்காமல் சொல்ல முடியாது, ஆகவே விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பேட்டை வைக்காதீர்கள். அங்கேதான் முதலில் மெலியும். பழைய மஞ்சள் பேட்டைக் கழுவிக் காயவைத்த பிறகு எடுங்கள். பொனற்றின் கறுப்பு அதில் இருக்கிறது.

விசுவமடு_கொரோலா:

ரப்பருக்குள் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஒரு படி இருக்கிறது. இரண்டு வருடமாக இந்தக் கார் என் கையில், இது எனக்குத் தெரியாது. மஞ்சளும் 205 உம் போதுமாக இருந்தன, 105 திறக்கவில்லை. கூரையில் இரண்டு தண்ணீர் வட்டம் மட்டும் வினாகிரிக்கும் போகவில்லை, பொலிஷுக்கும் போகவில்லை. விரல் வைத்தால் சின்னப் பள்ளமாகத் தெரிகிறது. 105 எடுக்கட்டா?

ஓமந்தை_பெயின்ரர்:

வேண்டாம். அது பெயின்ட்டுக்குள் இறங்கிய பள்ளம், அதைத் தட்டையாக்கச் சுற்றியுள்ள பெயின்ட் முழுவதையும் அந்த ஆழத்துக்குக் குறைக்கவேண்டும். கூரையில் இரண்டு வட்டத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு மெழுகு போட்டு வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்குப் போங்கள்.