அருண் கேத்தர்பால் வெளியேற மறுத்தது கட்டளை மீறலா?

கேள்வி:
1971 இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் பகுதியில் நடந்த சண்டையில் உயிர்நீத்த இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலைப் பற்றித் தேசிய மாணவர் படையில் இருக்கும் என் மகளிடம் பேசியபோது, அவள் என்னை ஒரு கேள்வி கேட்டாள். தீப்பற்றிய டாங்கியை விட்டு வெளியேறும்படி வானொலியில் ஆணை வந்தும், தம் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டாரே, ராணுவத்தில் அது குற்றமாகாதா என்றாள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:
அந்தக் களத்தின் நிலையை அறிந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் இந்தியாவின் 47ஆவது காலாட்படைப் பிரிகேட் பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் காலூன்றியிருந்தது. பொறியாளர் படையினர் கண்ணிவெடிகளை முழுவதும் அகற்றி முடிப்பதற்குள் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரியவே, அருண் இருந்த 17 பூனா ஹார்ஸ் டாங்கிப் படைப்பிரிவு அந்த வெடிகளுக்கு நடுவிலேயே துணிந்து முன்னேறியது. ஜர்பால் அருகே பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் பிரிவு பேட்டன் டாங்கிகளுடன் எதிர்த்தாக்குதல் தொடுத்தபோது, உதவி கேட்டு வந்த அழைப்பை ஏற்று விரைந்தவர்களில் அருணும் ஒருவர். அவருடைய செஞ்சூரியன் டாங்கியின் பெயர் ஃபாமகுஸ்டா.

வெளியேறச் சொன்ன ஆணை, உள்ளே இருந்த வீரர்களின் உயிரைக் காப்பதற்காகவே இடப்பட்டது. அந்த இடத்தை எதிரிக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னதல்ல. ஆனால் தம் பொறுப்பிலிருந்த பகுதியில் எதிரி டாங்கிகள் இன்னும் முன்னேறி வருவதையும், தாம் இறங்கிவிட்டால் அவை அணியை ஊடுருவிவிடும் என்பதையும் அவர் கண்முன்னே கண்டார். பரம் வீர் சக்ரா விருதுக்கான பாராட்டுரையே இதைத்தான் சொல்கிறது. மறுத்த பிறகு அவர் மேலும் ஒரு டாங்கியை அழித்தார். அடுத்து விழுந்த குண்டில் உயிரிழந்தார். அதை ராணுவம் குற்றமாகக் கருதவில்லை, தன் மிக உயர்ந்த விருதைத்தான் அளித்தது.

மறுமொழி 2:
அவருடைய வயதையும் மகளிடம் சொல்லுங்கள். 1950 அக்டோபர் 14 அன்று புனேயில் பிறந்து, சனாவர் லாரன்ஸ் பள்ளியிலும் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பயின்றவர், 1971 ஜூன் மாதம்தான் அதிகாரியானார். அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்தவரைப் போர் பாதியிலேயே அழைத்துக்கொண்டது. டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதி ஆவணம் கையெழுத்தானதும் அவர் இறந்த அதே நாளில்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது.

மறுமொழி 3:
அவர் தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால், தாம் பிறந்த சர்கோதாவைக் காண 2001இல் பாகிஸ்தான் சென்றபோது, அவரைத் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். விடைபெறும் வேளை நெருங்கியபோது, தங்கள் மகன் என் கையால்தான் இறந்தார் என்று நாசரே அவரிடம் சொன்னார். எதிரில் நின்று சுட்டவரே அருணின் துணிவைப் போற்றினார் என்பதால், வெளியேற மறுத்த அந்த முடிவைப் பற்றி அவருடைய சாட்சியத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.