ஊசித்துளையா, நுண்துளையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வில்லை இல்லாமல், இருண்ட பெட்டியில் ஒரு சிறு துளை வழியே படம் எடுக்கும் ‘பின்ஹோல் கேமரா’வுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஊசித்துளை என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. துளைத்தது ஊசியாகத்தான் இருக்க வேண்டுமா? நுண்துளை ஒளிப்படக்கருவி என்பதே பொருத்தம்.

கேள்வி நியாயமானதுதான். 2019 டிசம்பர் 26 அன்று கங்கண சூரிய கிரகணத்தின்போது கோவை, திண்டுக்கல் பக்கம் மரத்தடியில் வளையல் வளையலாக வெளிச்சம் விழுந்ததே, துளையாக வேலை செய்த அந்த இலையிடுக்குகளில் ஊசி ஏது?

ஆனாலும் நான் ஊசித்துளைக் கட்சி. தமிழில் ஊசி கருவிக்கு மட்டும் பெயரன்று, அளவுக்கும் பெயர். ஊசிவெடி, ஊசிமிளகாய் என்கிறோம். அவற்றில் யாரும் ஊசியைத் தேடுவதில்லை. பள்ளிப் பாடநூலில் படித்த பிள்ளைகளுக்கும் இதுவே பழக்கம்.

‘நுண்’ என்பதில் எனக்கு இன்னொரு சங்கடம். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று அது நினைக்க வைக்கிறது. பால்பவுடர் டின்னில் நானே இதைச் செய்து ஏமாந்தேன். முதலில் கோணி ஊசியால் குத்தினேன். படம் கஞ்சித்தண்ணீர்போல் கலங்கி வந்தது. அடுத்து, குளிர்பான டின்னின் தகட்டில் மெல்லிய ஊசியின் நுனியை மட்டும் பதித்து, பின்புற மேட்டை உப்புத்தாளால் தேய்த்து, கண்ணுக்கே தெரியாத துளை போட்டேன். அதிலும் கலங்கல்தான்! துளை மிகவும் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவிவிடுகிறது. துளைக்கும் உள்ளே படம் விழும் ஒளிப்படத்தாளுக்கும் 10 செ.மீ. இடைவெளி என்றால் ஏறக்குறைய 0.4 மி.மீ. துளைதான் சரிப்பட்டு வருகிறது. அந்த அளவில், நடுப்பகல் வெயிலில் ஒளிப்படத்தாளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தேன். எதிர்வீட்டு மாடிப்படி தலைகீழாக, கருப்பு வெள்ளை மாறி, தெளிவாக விழுந்தது. நுண்துளையை மண்பானைக்கும் தோலுக்கும் விட்டுவிடுவோம்.

அடுத்து, ‘கருவி’. மூடி திறக்க ஒரு துண்டுக் கருப்பு டேப், உள்ளே கருப்புப் பூச்சு, அவ்வளவுதான். இதில் கருவி எங்கே இருக்கிறது? கேமரா என்பதே லத்தீனில் அறை. 1604இல் வானியலாளர் கெப்ளர் எழுதிய ‘கேமரா அப்ஸ்க்யூரா’வும் இருண்ட அறைதான். அதை நேராக இருட்டறை என்று பெயர்த்தால் சிக்கல், அச்சொல் ஏற்கனவே படம் கழுவும் அறைக்குப் போய்விட்டது. செய்முறைக் குறிப்பில் ‘இருட்டறைக்குள் நின்று இருட்டறையில் தாளை ஒட்டவும்’ என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஆள் நுழையும் அளவினதை ஊசித்துளை அறை என்றும், கையில் தூக்குவதை ஊசித்துளைப் படப்பெட்டி என்றும் பிரித்தால் குழப்பம் தீரும்.

‘படப்பெட்டி’ என்றால் திரையரங்குக்கு பஸ்ஸில் வரும் ரீல் பெட்டி அல்லவா என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெட்டி வருவது நின்று ஆண்டுகள் ஆயின. சொல் சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.